மங்கலத்து ஜீப்பில் ஒரு டொக்

சண்முகவேலுக்குத் தன் காதைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. மங்கலத்தில் அவருடைய நிட்டிங் யூனிட்டில் ஆறு மெஷின்கள் ஓடுகின்றன. ஆறும் சேர்ந்து போடுகிற இரைச்சலில், பக்கத்தில் நிற்பவரிடம் மணி என்ன என்று கேட்கக்கூடக் கத்தித்தான் கேட்க வேண்டும். சண்முகவேலோ ஆபீஸ் அறையில் டீ குடித்துக்கொண்டே, "நாலாம் நம்பர்ல ஊசி ஒண்ணு ஒடஞ்சிருச்சு, நிறுத்து" என்பார். போய்ப் பார்த்தால் ஒடிந்திருக்கும்.

அவர் மனைவி சித்ராதேவிக்குக் காது அவ்வளவாகக் கேட்காது. பதினாறு விசைத்தறி ஓடிய அப்பா வீட்டுக் கொட்டகையில் வளர்ந்தவர். இடது காது பள்ளிக்கூட நாளிலேயே போய்விட்டது. வலது காதில் பாதி மிச்சம். அதை அவர் ஒரு குறையாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. தறிக்காரர் வீடுகளில் எல்லோருக்கும் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கத் தெரியும். சித்ராதேவிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். யூனிட்டில் துணி செக்கிங் அவருடைய வேலை. ரோல் ரோலாக வரும் துணியை மேஜைமேல் ஓடவிட்டு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார். கண்ணுக்குத் தப்பிய பழுதுகூட அந்தக் கைக்குத் தப்பாது.

இந்த வருடம் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகும் சங்கத்தின் கூட்டத்தில், தண்ணீரும் சமையல் சாமானும் ஏற்றி வருகிற வண்டியைத் தானே கொண்டுவருவதாகச் சண்முகவேல் எழுந்து நின்று சொல்லிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். உட்கார்ந்த பிறகுதான், வீட்டில் இருப்பது ஒரு ஸ்கூட்டரும் ஒரு சின்னக் காரும் மட்டுமே என்பது அவருக்கு நினைவு வந்தது.

வாடகை வண்டி பார்த்திருக்கலாம். ஆனால் சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஜீப் மேல் ஆசை. தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் செங்கோட்டையன் என்பவர் தன் ஃபோர் வீல் ஜீப்பை விலைக்குக் கொடுக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், மனைவியை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இருபது வருடத்து வண்டி. தோப்புக்குள் தேங்காய் சுமந்ததைத் தவிர அதிகம் ஓடாதது. செங்கோட்டையன் அதை வாய்க்கால் சேற்றில் இறக்கி, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க, கரைமேல் ஏற்றிக் காட்டினார். சண்முகவேலுக்கு அதற்குமேல் எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

"கொளந்தையாட்டம் வெச்சிருந்தனுங்க," என்று சொல்லிச் சாவியைக் கொடுக்கும்போது செங்கோட்டையனின் குரல் கொஞ்சம் இறங்கியது.

திரும்பி வரும் வழியில் குண்டடத்தில் ஓர் ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்தது. சண்முகவேல் வண்டியை நிறுத்தி, ஆடுகள் போனதும் மறுபடி கிளட்சை விட்டார்.

"ஏனுங்க, எதையாச்சும் ஏத்திட்டீங்களா?" என்றார் சித்ராதேவி. "காலுக்கடியில என்னமோ தட்டுச்சுங்க."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே?"

அடுத்த வேகத்தடையில் அவருக்கும் கேட்டது. டொக். யாரோ சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டியது போல. கிளட்சை விடும்போது ஒன்று. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஒன்று. ரிவர்ஸ் போட்டால் நன்றாகப் பெரிதாக ஒன்று. சித்ராதேவி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "நாப்பத்தேழு," என்றார்.

பாதயாத்திரைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. சண்முகவேல் அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டது பெரிய தப்பாகப் போயிற்று. அறுபது பேர் இருந்த குழுவில் அறுபது பேரும் மெக்கானிக் ஆனார்கள். கிளட்ச் பிளேட் என்றார் ஒருவர். கியர்பாக்ஸில் பல் போய்விட்டது என்றார் ஒருவர். வண்டிக்கு யாரோ கண் வைத்துவிட்டார்கள், எலுமிச்சம்பழம் கட்டுங்கள் என்றார் இன்னொருவர். கடைசியாகச் சமையல் பொறுப்பாளர் மருதம்மாள் பேசி அனுப்பினார். இருபத்திரண்டு வருடமாக யாத்திரைக்குச் சோறு ஆக்குகிறவர். அவர் சொன்னால் சங்கத்தில் மறுபேச்சு இல்லை.

"சம்முகவேலு, உன்ற வண்டி நடுவழியில நின்னா நூத்திருவது பேருக்கு நான் எங்க போயி தண்ணி கேக்கறது? அடுத்த வாரம் வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாகலீன்னா வேற வண்டி பேசிருவேன் சாமி, வருத்தப்பட்டுக்காத."

மறுநாள் காலையிலேயே சண்முகவேல் பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் சீனிச்சாமியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். சீனிச்சாமி விருதுநகர்ப் பக்கத்துக்காரர். திருப்பூருக்கு வந்து இருபது வருடம் ஆகியும் பேச்சு மாறாதவர். ஜீப் வேலைக்கு அவரைத் தேடி ஈரோட்டிலிருந்துகூட வருவார்கள். வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போனார். முதல் திருப்பத்திலேயே ஸ்டியரிங் கல்லாக இறுகியது. நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து, கியருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லீவரைப் பார்த்தார்.

"அண்ணே, ஃபோர் வீல்லயே போட்டு ஓட்டிக்கிட்டு வந்திருக்கீகளே!"

"நாலு சக்கரமும் இழுத்தா வண்டிக்கு நல்லதுதானுங்களே?"

"சேத்துல நல்லது. தார் ரோட்டுல ஆகாதுண்ணே. வளைவுல முன்சக்கரம் ஒரு கணக்குல சுத்தும், பின்சக்கரம் ஒரு கணக்குல சுத்தும். மண்ணுன்னா சறுக்கிச் சரி பண்ணிக்கிரும். தார்ல எங்க சறுக்கும்? உள்ளுக்குள்ள எல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்கும்."

லீவரைத் தள்ளியதும் ஸ்டியரிங் இலகுவானது. திருப்பங்களில் இருந்த உதறலும் நின்றது. சண்முகவேல் முகம் மலர்ந்தார். அடுத்த சிக்னலில் கிளட்சை விட்டதும், டொக்.

"இது வேறண்ணே," என்றார் சீனிச்சாமி.

அங்கேதான் சண்முகவேலின் காது குறுக்கே வந்தது. "முன்னாடிங்க. என்ற காலுக்கு நேரா, கொஞ்சம் வலது பக்கம். எனக்குத் தெளிவாக் கேக்குது," என்று அடித்துச் சொன்னார். தினமும் ஆறு மெஷினில் ஒடிந்த ஊசியைக் கண்டுபிடிக்கிறவர் சொல்லும்போது சீனிச்சாமியும் கொஞ்சம் மயங்கிவிட்டார். கியர்பாக்ஸிலிருந்து முன் ஆக்சிலுக்குப் போகிற ஷாப்ட்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் லேசாகத் தேய்ந்திருந்தது. மாற்றினார்கள். டொக் அப்படியே இருந்தது. இரண்டு நாள் கழித்து, கியர்பாக்ஸைத் தாங்குகிற ரப்பர் வெடித்திருப்பதைப் பார்த்து அதையும் மாற்றினார்கள். உட்கார்ந்து ஓட்டுவதற்கு வண்டி இன்னும் சுகமாக இருந்தது. டொக்குக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

புதன்கிழமை சீனிச்சாமி தலையைச் சொறிந்தார். "இனி மிச்சம் கிரௌன்தாண்ணே. பின்னாடி ஆக்சில் நடுவுல உருண்டையா இருக்குல்ல, அதுக்குள்ள பல்லு தேஞ்சிருக்கலாம். எறக்கிப் பாத்தாத்தான் தெரியும். எறக்குனா ஒரு வாரம் ஆகும்."

ஒரு வாரம் என்றால் யாத்திரை முடிந்தே போகும். சண்முகவேல் அன்று மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"அத்தன பேரு முன்னால எந்திரிச்சு நின்னு சொன்னேன் சித்ரா. இப்ப மருதம்மாளக்காகிட்ட என்ன மூஞ்சிய வெச்சுட்டுப் போயி நிக்கறது?"

சித்ராதேவி அவர் உதட்டைப் பார்த்து முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இந்த எட்டு நாளா நீங்க ரெண்டு பேரும் காதுலயே தேடிட்டு இருக்கறீங்க," என்றார். "யாராச்சும் கைய வெச்சுப் பாத்தீங்களா?"

"கையா?"

"எங்கப்பா கொட்டாயில பதினாறு தறி ஓடுறப்ப எனக்கு ஒண்ணுமே கேக்காது. தறி மேல கைய வெச்சுட்டுத்தான் எது தட்டுதுன்னு சொல்லுவேன். சாப்பிடுங்க, நானும் வர்றேன்."

சேலைக்கு மேல் கணவரின் பழைய சட்டை ஒன்றை மாட்டி, கூந்தலை இறுக்கிக் கட்டிக்கொண்டு சித்ராதேவி ஒர்க்‌ஷாப்பில் வந்து இறங்கியபோது சீனிச்சாமி முதலில் தயங்கினார்.

"மதினி, வண்டிக்கு அடியில குழிக்குள்ள எல்லாம் எறங்கணும். கிரீஸா இருக்கும்."

"கிரீஸ் கழுவுனாப் போகுமுங்கண்ணா. எங்க கை வெக்கலாம், எங்க வெக்கக் கூடாதுன்னு மட்டும் காட்டுங்க."

ஜீப்பைக் குழிமேல் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தார்கள். சண்முகவேல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சீனிச்சாமியும் சித்ராதேவியும் குழிக்குள் இறங்கினார்கள். வேலை இதுதான்: சண்முகவேல் முதல் கியர் போட்டுக் கிளட்சைக் கொஞ்சமாக விட வேண்டும், வண்டி கட்டையில் முட்டி நிற்கும்போது ஒரு தட்டு விழும். பிறகு ரிவர்ஸ் போட்டு அதே மாதிரி. கீழே இருக்கிறவர்கள் எது அசைகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆனால் இஞ்சின் ஓடும்போது குழிக்குள்ளிருந்து சித்ராதேவி சொல்வது மேலே கேட்காது. மேலே சொல்வது சித்ராதேவிக்கு எப்போதுமே கேட்காது. ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்கக் கிடந்த பனியன் வேஸ்ட் மூட்டையிலிருந்து நீளமான பச்சைத் துணி ஒன்றை உருவி, ஒரு முனையைக் கணவரின் மணிக்கட்டில் கட்டினார் சித்ராதேவி. மறுமுனையைத் தன் இடது கையில் சுற்றிக்கொண்டார்.

"ஒருக்கா இழுத்தா முன்னாடி. ரெண்டுக்கா இழுத்தா ரிவர்ஸ். விடாம இழுத்தா இஞ்சின ஆஃப் பண்ணிருங்க."

"சுத்துற எது மேலயும் கை போயிரக் கூடாது மதினி," என்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சீனிச்சாமி ஒவ்வோர் இடமாகக் காட்டினார். சித்ராதேவி முன்பக்கத்திலிருந்து தொடங்கினார். வண்டியின் அடிக்கூடான சேசிஸின் முன் குறுக்குச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துத் துணியை ஒருமுறை இழுத்தார். டொக். உதட்டைப் பிதுக்கினார். "பக்கத்து ஊட்டுல கதவ சாத்தறாப்ல இருக்குதுங்க. இங்கில்லை."

கியர்பாக்ஸுக்குக் கீழே கை வைத்தார். இரண்டு இழுப்பு. டொக். "இங்கயுமில்லீங்க."

"முன்னாடிதான் சித்ரா, முன்னாடிதான்!" என்று மேலேயிருந்து சண்முகவேல் கத்தினார். கத்தியது மனைவிக்குக் கேட்காதது அன்று நல்லதாகப் போயிற்று.

சித்ராதேவி சேசிஸைத் தொட்டபடியே பின்பக்கம் நகர்ந்தார். ஒவ்வொரு முழத்துக்கும் ஓர் இழுப்பு. தட்டு வலுத்துக்கொண்டே வந்தது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆக்சிலுக்கு மேல் குலுக்கலைத் தாங்க அடுக்கடுக்காகக் கிடக்கும் இரும்புப் பட்டைகளில், இடது பக்கத்தில் கை வைத்தார். பரவாயில்லை. வலது பக்கம் மாற்றினார். இரண்டு முறை இழுத்தார்.

சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"சுட்டுருச்சா மதினி?"

"இல்லீங்க. அடிச்சுதுங்க," என்று சொல்லிச் சித்ராதேவி சிரித்தார். "இதாங்க. இதேதாங்க."

சீனிச்சாமி டார்ச்சை நெருக்கிப் பிடித்தார். பட்டை அடுக்கை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டுகிற யூ போல்ட்டுகளைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் மெல்லிய துருப்பொடி உதிர்ந்திருந்தது. இரும்பும் இரும்பும் உரசினால் மட்டுமே வருகிற பொடி. சித்ராதேவி சட்டைப் பையிலிருந்து, துணியில் பழுதைக் குறிக்கும் டெய்லர் சாக் ஒன்றை எடுத்து, பட்டையிலிருந்து ஆக்சில் வரைக்கும் நேராக ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். பிறகு துணியை ஒரு முறை இழுத்தார். டொக். கோடு இரண்டாக உடைந்து, மேல் பாதி ஒரு பக்கமும் கீழ்ப் பாதி விரல் அகலத்துக்கு அந்தப் பக்கமும் நின்றது. இரண்டு முறை இழுத்தார். டொக். கோடு மறுபடி ஒன்று சேர்ந்தது.

"ஆத்தாடி," என்றார் சீனிச்சாமி. "ஆக்சிலே நடக்குதே!"

சித்ராதேவி துணியை விடாமல் இழுத்தார். இஞ்சின் நின்றது. சண்முகவேல் இறங்கி வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். சீனிச்சாமி ஸ்பானரை வைத்ததும் யூ போல்ட்டின் நட்டுகள் விரலால் திருகியதைப் போலச் சுழன்றன. கழற்றிப் பார்த்தால், பட்டையை நடுவில் பிடித்திருக்க வேண்டிய சென்டர் போல்ட் இரண்டு துண்டாகக் கிடந்தது. கிளட்சை விடும் ஒவ்வொரு தடவையும் ஆக்சில் முன்னே ஒரு தட்டு, காலை எடுத்தால் பின்னே ஒரு தட்டு.

"ஆனா எனக்கு முன்னாடிதானே கேட்டுது?" சண்முகவேலுக்கு மனது ஆறவில்லை.

"சேசிஸோட சட்டம் ரெண்டும் தண்டவாளம் மாதிரிண்ணே. அங்க தட்டுனா இங்க கேக்கும். ஒங்க காது பொய் சொல்லல, இரும்பு பொய் சொல்லிருச்சு. என்னையும் சேத்துத்தான் ஏமாத்திருச்சு. மொதல்லயே குழியில எறங்கி இதப் பாத்திருக்கணும், ஒங்க பேச்சுல மயங்கிட்டேன்."

சண்முகவேல் செங்கோட்டையனுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏனுங்க, பின்பட்டை எதாச்சும் வேலை பாத்தீங்களா?"

"ஆமாங்க, போன ஐப்பசில புதுப் பட்டை போட்டனுங்க. நல்ல கம்பெனிப் பட்டைங்க."

"போட்டு ஓட்டுனதுக்கப்புறம் யூ போல்ட்ட மறுக்கா இறுக்குனீகளாய்யா?" என்று சீனிச்சாமி இடையில் புகுந்தார்.

"அதென்னுங்க, ஒருக்கா இறுக்குனாப் பத்தாதுங்களா?"

"புதுப் பட்டை ஓட ஓடப் படியும்யா. படிஞ்சா போல்ட் லூஸாகும். ஒங்களுக்குச் சத்தமே கேக்கலியா?"

"தோப்பு மண்ணுல மெத்துமெத்துனு போகுமுங்க. போதாததுக்கு நான் பாட்டுப் போட்டா முழுசா வெச்சுத்தானுங்க கேக்கறது." பிறகு, "வண்டிக்கு ஒண்ணுமில்லீங்களே? நல்லா இருக்குதுங்களா?" என்று அவர் கேட்ட விதத்தில் சண்முகவேலுக்கு இருந்த கொஞ்சநஞ்சக் கோபமும் கரைந்துவிட்டது.

"நல்லா இருக்குதுங்க. யாத்திரைல உங்க ஊரு வழியாத்தான் வருவோம். வந்து பாருங்க," என்றார்.

புதிய யூ போல்ட், சென்டர் போல்ட் எல்லாம் அன்று சாயங்காலத்துக்குள் வந்துவிட்டன. வண்டி தன் பாரத்தில் தரையில் நிற்க, சீனிச்சாமி நட்டுகளை எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி இறுக்கினார். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை இறுக்க வேண்டும் என்று, மறக்காமலிருக்க டேஷ்போர்டில் சாக்பீஸால் எழுதியும் வைத்தார். கிரௌனைத் தொடவே இல்லை.

வீட்டுக்கு வரும்போது சித்ராதேவி செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதங்களையும் ஜீப்பின் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்சை விட்டதும் சண்முகவேல் மனைவியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சித்ராதேவி இல்லை என்று தலையசைத்தார். புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பிங் நெரிசலில் பத்துத் தடவை நின்று நின்று கிளம்ப வேண்டியிருந்தது. பத்துத் தடவையும் இல்லை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனைப் போட்டு அடித்தும் சண்முகவேலுக்குக் கோபமே வரவில்லை.

"நாந்தான் முன்னாடி முன்னாடின்னு கத்திட்டே இருந்தேன்," என்றார், மனைவி பார்க்கும்படி முகத்தைத் திருப்பி.

"கத்துனீங்களா? எப்பங்க?"

சண்முகவேல் ஸ்டியரிங்கில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை மருதம்மாள் நேரிலேயே வந்தார். சொன்னதை நம்புகிறவர் இல்லை. இரண்டு டிரம் நிறையத் தண்ணீர் ஏற்றச் சொல்லி, தானும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மங்கலத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு போகச் சொன்னார். நொய்யல் பாலத்து ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பச் சொன்னார். இறங்கி, ஜீப்பின் மேல் கொஞ்சம் திருநீற்றைப் பூசிவிட்டு, "மொளகாத் தூள் மூட்டைய முன்னால வெக்காத, தும்மலா வரும்," என்றார். சண்முகவேல் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நூற்றிருபது பேரும் பச்சை உடுத்திக் கிளம்பினார்கள். சித்ராதேவி நடந்தார், சண்முகவேல் ஜீப்பில் முன்னே போய் நிழல் பார்த்து நின்று தண்ணீர் கொடுத்தார். தண்ணீரோடு கதையையும் கொடுத்தார். பச்சைத் துணியைக் கட்டியது, கோடு உடைந்தது, தான் கத்தியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதை கொஞ்சம் வளர்ந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் சித்ராதேவி கையை வைத்ததும் போல்ட் தானாகவே கழன்று விழுந்தது என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் செங்கோட்டையன் டிராக்டர் நிறைய இளநீரோடு காத்திருந்தார். முதலில் ஜீப்பைச் சுற்றிவந்து, பழைய மாட்டைத் தட்டுவது போல அதன் பக்கத்தைத் தட்டினார். பிறகு, கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்ராதேவியிடம் வந்து நின்றார்.

"அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. நம்ம டிராக்டர்லயும் ஒரு மாசமா ஒரு சத்தமுங்க. ஒருக்கா கைய வெச்சுப் பாத்துச் சொன்னீங்கன்னா..."

அவருக்குப் பின்னால், யாத்திரைக்காரர்களின் துணிமூட்டைகளை ஏற்றி வந்த வேனின் டிரைவர் நின்றார். வேன் டிரைவருக்குப் பின்னால், யாத்திரைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் மொபெட்டோடு நின்றார்.

சித்ராதேவி மூவரையும் பார்த்தார். "இருங்க, ரசத்துக்குச் சோறு வாங்கிட்டு வர்றனுங்க," என்று இலையை மருதம்மாள் பக்கம் நகர்த்தினார். பிறகு நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவி, டிராக்டருக்குப் போனார். டிராக்டரில் ஒன்றுமில்லை, டிரெய்லரை மாட்டுகிற இரும்பு ஆணிதான் தேய்ந்திருந்தது. வேனில் கழன்று ஆடியது ஸ்டெப்னி. மொபெட்டுக்குக் கையே தேவைப்படவில்லை. செயின் தொங்கியது கண்ணுக்கே தெரிந்தது.

மூன்று மணிக்கு அரோகராச் சத்தத்தோடு கூட்டம் மறுபடி புறப்பட்டது. சண்முகவேல் ஜீப்பை மனைவிக்கு இணையாக நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தார்.

"இப்பிடி மாடு மாதிரி ஓட்டுனா இஞ்சின் சூடாகுமுங்க," என்றார் சித்ராதேவி. "முன்னால போயி அடுத்த நெழல்ல மோரு கலக்கி வெய்ங்க."

சண்முகவேல் போனார். ஒரு புளியமரத்தடியில் ஜீப்பை நிறுத்தி, அண்டாவில் தயிரை ஊற்றி, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக நூற்றிருபது பேருக்கு மோர் கலக்கினார். உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. வெயிலில் நடந்து வந்தவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. மருதம்மாள் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, இன்னும் இரண்டு குடம் தண்ணீரை எடுத்து அண்டாவில் ஊற்றினார்.